மாமூல் என்று சொல்பவரே நிரூபிக்க வேண்டும்

முதலிபாளையம் சிட்கோவிலும் அதைச் சுற்றியுள்ள பனியன் கம்பெனிகளிலும் காலையிலேயே ஷிப்டு தொடங்கிவிடுகிறது. கட்டிங், ஓவர்லாக், செக்கிங், பேக்கிங் என்று வீட்டுக்கு இரண்டு பேராவது வேலைக்குப் போய்விடுகிறார்கள். பகலில் நம் குடியிருப்புகளில் மிஞ்சுவது வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும்தான். கோர்ட் அமீனா சம்மனோடு வருவதும் அந்தப் பகல் நேரத்தில்தான். பெரியவர்கள் பயந்துபோய் வாங்க மறுக்கிறார்கள். அல்லது வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறார்கள். ராத்திரி வேலை முடிந்து வருகிறவர்களுக்கு அதைப் படித்துப் பார்க்கத் தெம்பு இருப்பதில்லை. வாய்தா தேதி வந்து போய்விடுகிறது.

அந்தக் காகிதம் பெரும்பாலும் எதைப் பற்றியது? மயானத்துக்குப் போகும் தடம், தோட்டங்களுக்கு நடுவே குடியிருப்புக்கு வரும் இட்டேரி, வீட்டுமனைப் பட்டா கொடுத்த இடம், பொதுக் கிணறு, மேல்நிலைத் தொட்டிக்கு ஒதுக்கிய நிலம். 'இது எங்கள் மாமூல் பாத்தியம். இவர்கள் நுழையக்கூடாது' என்று ஒருவர் வழக்குப் போட்டிருப்பார். கூடவே ஓர் இடைக்காலத் தடை. நீதிமன்றத் தமிழில் அது உறுத்துக்கட்டளை. ஊர்ப் பேச்சில் 'ஸ்டே'. 'ஸ்டே வாங்கிட்டாங்க, இனி ஒண்ணும் பண்ண முடியாது' என்று நம்மில் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

அது தவறு. ஸ்டே என்பது வழக்கின் தொடக்கம்; முடிவு அல்ல. சிவில் நீதிமன்றத்தில் உரிமை கேட்டு வருகிறவர்தான் அந்த உரிமையை நிரூபிக்க வேண்டும். 'காலங்காலமாக இப்படித்தான்' என்று ஊரே சேர்ந்து சொன்னாலும் அது சாட்சியம் ஆகிவிடாது. இதை விளங்கிக்கொள்ள, அண்ணல் அம்பேத்கர் பிரதிவாதியாக நின்ற ஒரு சிவில் வழக்கைப் படிப்படியாகப் பார்ப்போம். பள்ளிப் பாடத்தில் மகத் போராட்டம் வருகிறது. அதன் பின்னால் நீதிமன்றத்தில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த வழக்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

குளத்தில் குடித்த தண்ணீர்

மகாராஷ்டிரத்தில் அன்றைய கொலாபா மாவட்டத்தில் இருந்த ஊர் மகத். ஊருக்குள் சவுதார் குளம். நான்கைந்து ஏக்கர் பரப்பு. சுற்றிலும் நகராட்சிச் சாலை. சாலையை ஒட்டிச் சாதி இந்துக்களின் வீடுகள். ஒன்றிரண்டு முஸ்லிம் வீடுகளும் உண்டு. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் வீடு ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லை. சாதி இந்துக்கள் தண்ணீர் எடுத்தார்கள், முஸ்லிம்கள் எடுத்தார்கள், கால்நடைகள் குடித்தன. மகர், சாம்பார் மக்கள் மட்டும் இறங்கக்கூடாது.

1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே.போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுப்பணத்தில் கட்டிப் பராமரிக்கும் குளம், கிணறு, சத்திரம் எல்லாம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது அது. அதைத் தொடர்ந்து 1924 ஜனவரியில் மகத் நகராட்சியும் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. ஆனால் அந்தத் தீர்மானம் காகிதத்திலேயே கிடந்தது. அதை நம்பிக் குளத்தில் இறங்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் ஊர்வலமாகப் போய் அந்தக் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். அடுத்து கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்ற வதந்தி கிளம்ப, மாநாட்டுக்கு வந்தவர்கள் மீது தாக்குதல் நடந்தது. பிறகு குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். சாணமும் கோமியமும் பாலும் தயிரும் பானை பானையாகக் குளத்தில் ஊற்றப்பட்டன. ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. டிசம்பர் 25 முதல் மறுபடியும் மகத்தில் கூடுவோம், குளத்து உரிமையை நிலைநாட்டுவோம் என்று அம்பேத்கர் அறிவித்தார்.

அப்போதுதான் எதிர்த்தரப்பு தடியை வைத்துவிட்டுப் பிராதைக் கையில் எடுத்தது.

இரண்டே நாளில் வந்த தடை

1927 டிசம்பர் 12 அன்று மகத் சார்பு நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கலானது. ஊரின் சாதி இந்துக்கள் சார்பில் சிலர் வாதிகள். அம்பேத்கரும் வேறு சிலரும் பிரதிவாதிகள். ஒதுக்கப்பட்ட மக்கள் அனைவரின் பிரதிநிதிகளாக அவர்களைக் காட்டியிருந்தார்கள். ஒரு கூட்டத்துக்காகச் சிலர் வழக்காடுவதற்கும், ஒரு கூட்டத்தைச் சிலர் மூலம் வழக்குக்குள் கொண்டுவருவதற்கும் சிவில் நடைமுறைச் சட்டத்தில் இன்றும் இடம் உண்டு. கட்டளை 1, விதி 8 என்பது அது.

வாதிகள் கேட்டது இரண்டு. ஒன்று, குளம் எங்களுக்குச் சொந்தம், நாங்கள் மட்டுமே பயன்படுத்த உரிமை உண்டு என்று விளம்புகை செய்ய வேண்டும். இரண்டு, பிரதிவாதிகள் குளத்துப் பக்கமே வரக்கூடாது என்று நிரந்தரத் தடை விதிக்க வேண்டும். வழக்கு முடியும்வரை இடைக்காலத் தடையும் கேட்டார்கள். டிசம்பர் 14 அன்று அந்தத் தடை கிடைத்துவிட்டது. எதிர்த்தரப்பைக் கேட்காமலே கிடைத்த தடை அது.

டிசம்பர் 25 அன்று மகத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. குளத்துக்குப் போயே தீர வேண்டும் என்று பலர் துடித்தார்கள். கலெக்டரே மாநாட்டுக்கு வந்து, நீதிமன்றத் தடை இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். நீண்ட விவாதத்துக்குப் பிறகு குளத்தில் இறங்குவதைத் தள்ளிவைக்க அம்பேத்கர் முடிவெடுத்தார். பயந்து பின்வாங்கியதாக இதை எடுத்துக்கொள்ளக்கூடாது. தடையை மீறினால் பேச்சு அந்த மீறலைப் பற்றியதாக மாறிவிடும். குளம் யாருக்கு என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும். இன்றைய சட்டத்திலும் இடைக்காலத் தடையை மீறுகிறவரின் சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம்வரை சிவில் சிறையில் வைக்கலாம். தடையை மீறுவதைவிட அதை உடைப்பதே வழி. உடைக்க வேண்டிய இடம் அந்த நீதிமன்றமே.

1928 பிப்ரவரி 23 அன்று அது நடந்தது. இரு தரப்பையும் கேட்ட பிறகு இடைக்காலத் தடை நீக்கப்பட்டது. போட்ட நாளிலிருந்து இரண்டே கால் மாதம்.

இடைக்காலத் தடை கொடுப்பதற்கு நீதிமன்றம் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். வாதி தரப்பில் முதல் பார்வைக்கே ஒரு வழக்கு தெரிகிறதா? தடை கொடுப்பதில் யாருக்குக் கஷ்டம் அதிகம்? கொடுக்காவிட்டால் ஈடுகட்ட முடியாத இழப்பு வருமா? எதிர்த்தரப்புக்குச் சொல்லாமல் தடை கொடுத்தால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். முப்பது நாளுக்குள் இரு தரப்பையும் கேட்டு அந்த மனுவை முடிக்க முயல வேண்டும் என்று கட்டளை 39 சொல்கிறது. ஆனால் எதிர்த்தரப்பு வந்து நின்றால்தானே கேட்க முடியும்? நாம் போகாவிட்டால் ஸ்டே நீண்டுகொண்டே போகும்.

மூன்று நீதிமன்றங்கள் பார்த்த விதம்

தடை நீங்கினாலும் வழக்கு நின்றது. சாட்சிகள், ஆவணங்கள், விசாரணை எல்லாம் முடிந்து 1931 ஜூன் 8 அன்று தீர்ப்பு வந்தது. வழக்குத் தள்ளுபடி. குளம் வாதிகளுக்குச் சொந்தமில்லை, நகராட்சியைச் சேர்ந்தது என்று நீதிமன்றம் கண்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒதுக்கப்பட்டவர்கள் நெடுங்காலமாக அந்தக் குளத்தைப் பயன்படுத்தாமல் இருந்தார்கள் என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனாலும் ஒரு பொதுக்குளத்தை ஒரு கூட்டம் பயன்படுத்துவதாலும் இன்னொரு கூட்டம் பயன்படுத்தாமல் இருப்பதாலும் மட்டுமே முதல் கூட்டத்துக்குத் தனியுரிமை பிறந்துவிடாது என்றார். நடைமுறை ஒன்று, உரிமை வேறொன்று என்று இரண்டையும் பிரித்துக் காட்டிய தீர்ப்பு அது.

வாதிகள் தானே மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார்கள். 1933 ஜனவரி 30 அன்று அதுவும் தள்ளுபடி. அந்த நீதிபதி இன்னும் ஒரு படி மேலே போனார். நினைவுக்கு எட்டாத காலந்தொட்டு இந்த வழக்கம் இருந்ததாக நிரூபிக்கப்படவே இல்லை என்றார்.

பிறகு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு. 1937 மார்ச் 17 அன்று நீதிபதிகள் புரூம்பீல்டும் வாடியாவும் அதைத் தள்ளுபடி செய்தார்கள். குளத்துக்கு வயது இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குக் குறையாது என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் அதைத் தோண்டியது யார், யாருக்காக என்பதற்குச் சான்று இல்லை. ஆதியிலிருந்தே ஒதுக்கிவைக்கும் வழக்கம் இருந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? சுற்றிலும் சாதி இந்துக்களின் வீடுகள் எழுந்த பிறகுதானே தண்ணீரைத் தங்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளும் முயற்சியே தொடங்கியிருக்கும்? நீதிபதிகள் இந்த வழியில் யோசித்தார்கள். வாதிகள் சொன்ன வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று முடித்தார்கள்.

தண்ணீரைக் குடித்த நாளிலிருந்து உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை பத்தாண்டுகளுக்கு மூன்று நாள்தான் குறைவு.

கமுதியில் நடந்தது

'நிரூபிக்கவில்லை' என்ற ஒரு சொல்லில்தான் மகத் வழக்கு நின்றது. நிரூபித்திருந்தால்? அதற்கு விடை நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். அன்றைக்கு அவர்களுக்கும் கோயில் கதவு சாத்தப்பட்டிருந்தது. பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் இராமநாதபுரம் சேதுபதி சிவில் வழக்குப் போட்டார். நாடார்கள் அந்தக் கோயிலுக்குள் வந்ததில்லை, அதுவே வழக்கம் என்று சாட்சியம் வைக்கப்பட்டது. நீதிமன்றம் அதை ஏற்றது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1908இல் அங்கேயும் நாடார்கள் தோற்றார்கள்.

மகத் வாதிகள் இந்தக் கமுதித் தீர்ப்பைத்தான் துணைக்கு இழுத்தார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. கோயில் விஷயத்தில் நெடுநாள் நடைமுறையும் மற்றவர்களின் மௌனமும் சேர்ந்தால், அந்தக் கோயில் ஒரு பகுதியினருக்கென்றே ஏற்பட்டது என்று ஊகிக்க இடமுண்டு. அப்போது நிரூபிக்கும் சுமை வெளியே நிறுத்தப்பட்டவர்கள் மேல் விழலாம். பொதுக்குளத்தில் அப்படி ஊகிக்க இடமில்லை என்றது.

ஒரே மாதிரியான அநீதி. ஒரு வழக்கில் தோல்வி, ஒன்றில் வெற்றி. சுமை யார் தோளில் என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்தான் வேறு. அந்தக் காலத்துச் சட்டம் சாதி வழக்கத்தை அடியோடு மறுக்கவில்லை. 'சரியாக நிரூபித்தால் ஏற்றுக்கொள்கிறேன்' என்றே சொன்னது. மகத்தில்கூட, இப்படி ஒரு வழக்கம் நியாயமானதா என்ற கேள்விக்குள் நீதிபதிகள் போகவில்லை. வழக்கம் நிரூபணமாகாததால் போகத் தேவை வரவில்லை.

அரசமைப்பு மாற்றிய கணக்கு

குளத்து வழக்கில் பிரதிவாதியாக நின்றவர் பத்தாண்டுகளில் அரசமைப்பு வரைவுக் குழுவின் தலைவரானார். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15(2) பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசுப் பணத்தில் பராமரிக்கும் அல்லது பொதுமக்களுக்கென விடப்பட்ட கிணறு, குளம், நீராடும் துறை, சாலை ஆகியவற்றைச் சாதி காரணமாக யாருக்கும் மறுக்கக்கூடாது என்கிறது. மகத்தின் வாசம் அந்த வரியில் இருக்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 13ஆம் பிரிவு, சட்டத்துக்கு நிகரான வலு உள்ள வழக்கத்தையும் சட்டம் என்ற சொல்லுக்குள் சேர்த்தது; அடிப்படை உரிமைக்கு முரணான வழக்கம் செல்லாது.

1955இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நேராகச் சொல்கிறது. தீண்டாமையை நிலைநிறுத்தும் கோரிக்கை எதுவாக இருந்தாலும் சிவில் நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்கவே கூடாது, அதில் தீர்ப்பாணை தரக்கூடாது, முன்பு தந்திருந்தாலும் நிறைவேற்றக்கூடாது. அதன் 13ஆம் பிரிவு இது. கமுதி வழக்கு போல ஒன்றை இன்று போட்டால், சாட்சியம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் பயனில்லை.

1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் மேலும் இரண்டு கதவுகளை அடைத்தது. பொது வழி, மயானம், நீர்நிலை ஆகியவற்றை நாம் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது பொய்யான, தொல்லை கொடுக்கும் நோக்கிலான வழக்குப் போடுவதும் குற்றம். இந்த இரண்டாவது விஷயம் நம்மில் பலருக்குத் தெரியாது. நம்மிடம் தோற்கும் வழக்கெல்லாம் பொய் வழக்கு ஆகிவிடாது. ஆனால் தெரிந்தே போட்ட பொய் வழக்குக்குப் பதில் உண்டு.

சாதி இல்லாத பிராது

இவ்வளவு சட்டம் வந்த பிறகும் சம்மன் வருவது நிற்கவில்லையே, ஏன்? பிராது எழுதும் விதம் மாறிவிட்டது. 'இந்தச் சாதியார் வரக்கூடாது' என்று இன்று எந்த வக்கீலும் எழுத மாட்டார். 'சர்வே எண் இன்னது, என் பட்டா பூமி, இதில் பொதுத் தடம் எதுவும் இல்லை, பிரதிவாதிகள் அத்துமீறுகிறார்கள்' என்றுதான் எழுதுவார். காகிதத்தில் சாதியே இருக்காது. அது வெறும் எல்லைத் தகராறாகத் தெரியும். சாதியைக் காட்ட வேண்டியதும், தடம் பொதுத் தடம் என்று காட்ட வேண்டியதும் நம் எதிருரையின் வேலை.

இங்கே மகத்தின் பாடம் நமக்கும் பொருந்தும். மாமூல் என்று சொல்பவர் நிரூபிக்க வேண்டும் என்றால், 'பாட்டன் காலத்திலிருந்து இந்தத் தடத்தில்தான் பிணம் தூக்கிப் போகிறோம்' என்று நாம் சொல்லும்போது அதை நாமும் நிரூபிக்க வேண்டும். தனியார் பூமி வழியாகவே இருந்தாலும், இருபது ஆண்டுகள் இடையூறு இல்லாமல், வெளிப்படையாக, உரிமையாகப் பயன்படுத்திய தடத்துக்கு 1882இன் வசதியுரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. யாரிடமும் அனுமதி கேட்டு நடந்ததாக இருக்கக்கூடாது.

நிரூபணம் எங்கே கிடைக்கும்? கிராம அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் பாதையா, மயானமா, புறம்போக்கா என்று குறித்திருக்கும். புலப்படத்தில் தடம் கோடாக இருக்கும். நத்தம் பதிவேட்டில் குடியிருப்பு இருக்கும். ஊராட்சி அந்தத் தடத்தில் தெருவிளக்கு போட்டிருந்தால், குழாய் பதித்திருந்தால், மெட்டல் கொட்டியிருந்தால் அதற்குத் தீர்மானமும் செலவுக் கணக்கும் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். இவற்றையெல்லாம் வழக்கு வந்த பிறகு தேடி அலைவதைவிட, இப்போதே நகல் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

பூமியில் என்ன இருக்கிறது என்று நேரில் பார்த்துச் சொல்ல வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். அவர் சர்வேயரோடு வந்து அளந்து, வரைபடத்தோடு அறிக்கை வைப்பார். அவர் வரும் நாளில் குடியிருப்பில் ஆள் இருக்க வேண்டும். எல்லோரும் ஷிப்டுக்குப் போய்விட்டால், எதிர்த்தரப்பு காட்டும் இடத்தை மட்டும் அவர் பார்த்துவிட்டுப் போவார்.

நாளும் கணக்கும்

சிவில் வழக்கில் நாள் கணக்கு முக்கியம். சம்மனை வாங்க மறுத்தால் வழக்கு நின்றுபோகாது. மறுத்ததாக எழுதிக்கொண்டு, சார்வு ஆனதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். கதவில் ஒட்டிவிட்டும் போகலாம். சம்மன் கிடைத்ததிலிருந்து முப்பது நாளுக்குள் எதிருரை போட வேண்டும். காரணம் காட்டினால் தொண்ணூறு நாள்வரை கிடைக்கலாம். போகவே இல்லை என்றால் ஒருதலைத் தீர்ப்பு வரும். அதை ரத்துசெய்யக் கேட்க முப்பது நாள். சம்மன் முறையாகச் சார்வாகவே இல்லை என்றால் தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு. மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள், உயர் நீதிமன்றத்துக்குத் தொண்ணூறு நாள்.

வழக்குப் போடப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் கேவியட் மனு என்று ஒன்று உண்டு. 'எங்களைக் கேட்காமல் எந்த இடைக்கால உத்தரவும் போடக்கூடாது' என்று முன்கூட்டியே நீதிமன்றத்தில் சொல்லிவைப்பது அது. தொண்ணூறு நாள் உயிரோடு இருக்கும்; பிறகு புதிதாகப் போடலாம். மகத்தில் நடந்ததுபோல் இரண்டே நாளில் நம் முதுகுக்குப் பின்னால் தடை வருவதைத் தடுக்கும் வழி இதுதான்.

வக்கீல் கட்டணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. 1987இன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச வக்கீல் உண்டு. வருமான வரம்பு பார்க்கத் தேவையில்லை. பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் அதே உரிமை. திருப்பூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகா நீதிமன்றங்களில் வட்டக் குழுக்கள் இருக்கின்றன. சாதிச் சான்றிதழ் நகலோடு ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம் என்றும் சொல்வார்கள். பணத் தகராறுக்கும் பாகப்பிரிவினைக்கும் அது நல்ல வழி. ஆனால் அங்கே எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுவே தீர்ப்பாணை, மேல்முறையீடு கிடையாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் முடிக்க முடியும். வேண்டாம் என்று எழுந்து வர நமக்கு முழு உரிமை உண்டு. மயானத்துக்குப் போகும் தடத்தை 'ஊர் ஒற்றுமைக்காக' விட்டுக்கொடுங்கள் என்று சொன்னால், கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டுக்குப் போய் எல்லோரையும் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லுங்கள்.

ஒரு வாய்தாவின் விலை

அம்பேத்கர் பாரிஸ்டர். அவருக்கே இந்த வழக்கு ஒன்பது ஆண்டுகள் எடுத்தது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஒருவருக்கு ஒரு வாய்தா என்பது ஒரு நாள் சம்பளம். வருஷத்துக்கு ஆறு வாய்தா என்றால் ஒரு வாரக் கூலி போச்சு. எதிர்த்தரப்புக்கு அந்த இழப்பு இல்லை. நம்மை அலுக்க வைப்பதே சில வழக்குகளின் நோக்கம். வாய்தா வாய்தாவாக இழுத்தால் ஒரு நாள் நாம் போகாமல் விட்டுவிடுவோம் என்று காத்திருப்பார்கள்.

இதற்கு மகத் வழக்கின் முதல் பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. நான்கைந்து பேர் பெயரில் நடந்தாலும் அது ஒரு மக்கள் கூட்டத்தின் வழக்கு. நம் தடத்து வழக்கும் அப்படித்தான். சம்மனில் பெயர் இருக்கும் இரண்டு பேரின் தலைவலியாக அதை விட்டுவிடக்கூடாது. வாய்தாவுக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொள்ளலாம். போகிறவரின் ஒரு நாள் கூலியை மற்ற வீடுகள் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு நோட்டுப் போட்டு வழக்கு எண், அடுத்த தேதி, வக்கீல் சொன்னது மூன்றையும் எழுதிவைக்கலாம். வழக்கு எண் இருந்தால் நீதிமன்ற இணையதளத்தில் அடுத்த தேதியை ஒரு பத்தாம் வகுப்பு மாணவியே செல்போனில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

ஜெயித்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். தீர்ப்பு தானாக வந்து வேலியை அகற்றாது. நிறைவேற்று மனுப் போட வேண்டும். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுக் கெடு உண்டு. எதிராளியைத் தடுக்கும் நிரந்தரத் தடைக்கு அந்தக் கெடுவும் இல்லை. தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலை ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள். ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த தலைமுறையில் யாராவது மறுபடியும் 'மாமூல்' என்று பேச வந்தால், அந்தக் காகிதம்தான் பேசும்.